கிங்டம் சீசன் 3 குழம்பாம பாக்குறது எப்படி

கிங்டம்ங்கற ஜப்பான் அனிமே சீரிஸ் பாக்க ஆரம்பிச்சவங்கள்ல நிறைய பேரு சீசன் 3 ல வந்து நின்னுடுவாங்க, நானே பல பேரை பாத்துட்டேன். முதல் ரெண்டு சீசன் சூப்பரா ஓடும், மூணாவது வந்ததும் நாலஞ்சு எபிசோட்லயே "யாரு யாரு பக்கம்னே தெரியல, எல்லாருக்கும் ஒரே மாதிரி பேரு"ன்னு மூடி வெச்சிடுவாங்க. எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கும், ஏன்னா இந்த மொத்த சீரிஸ்லயும் எனக்கு ரொம்ப பிடிச்சது இந்த சீசன் தான். முதல் தடவை பாக்கும்போது நானும் பாதில தொலைஞ்சு போனேன், அப்புறம் ஒரு நோட்டுல மேப் போட்டு வெச்சுக்கிட்டு முதல்லேருந்து திரும்ப பாத்தேன், அப்ப தான் இது என்ன மாதிரி வேலைன்னு புரிஞ்சுது. அப்படி பாத்ததுல கத்துக்கிட்டத இங்க எழுதுறேன். பெரிய திருப்பம் எதையும் உடைக்காம தான் எழுதியிருக்கேன்.

முதல்ல ஒரு விஷயம், நேரா சீசன் 3 ல ஆரம்பிக்காதீங்க. சீசன் 1 ல 38 எபிசோட், சீசன் 2 ல 39, மொத்தம் 77, சுமாரா 30 மணி நேரம் ஆகும். நீளம் தான், ஆனா மூணாவது சீசன்ல வர்ற ஒவ்வொரு கோபமும் அங்க விதைச்சது. முக்கியமா சீசன் 1 கடைசில ஒகி தளபதியோட பயோ போர் வருதே, அத ஸ்கிப் பண்ணிட்டு வந்தீங்கன்னா ஹீரோ ஷின் ஏன் எதிரி தளபதி ஹோகெனை பாத்ததும் அப்படி கொதிக்கிறான், எதிரி ஜாவ் நாட்டோட ரிபொகு பேரை கேட்டாலே ஷினோட சின் நாட்டு தளபதிங்க முகம் ஏன் மாறுது, எதுவுமே மனசுல ஒட்டாது. சீசன் 1 ல கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ரொம்ப பொம்மை மாதிரி இருக்கும், அதனாலயே நிறைய பேரு ரெண்டாவது எபிசோட்லயே ஓடிடுறாங்க. அத மட்டும் பொறுத்துக்கோங்க, போகப்போக கண்ணு பழகிடும், சீசன் 3 க்கு வரும்போது டைரக்டரும் வேற, படம் வரையுற தரமும் வேற லெவல். நிஜ நடிகர்களை வெச்சு எடுத்த லைவ் ஆக்ஷன் படங்களை பாத்துட்டு நேரா இங்க வந்துடலாமான்னு சிலர் கேக்குறாங்க, முடியாது. 2019 லேருந்து 2024 வரைக்கும் வந்த நாலு படமும் சேந்து பயோ போர் வரைக்கும் தான் போகுது, சீசன் 2 முழுக்க விட்டுப்போயிடும்.

இன்னொரு குழப்பம், பழைய போஸ்ட் எதாவது படிச்சீங்கன்னா சீசன் 3 ல நாலு எபிசோட் தான் இருக்குன்னு போட்டிருப்பாங்க. 2020 ஏப்ரல்ல ஆரம்பிச்சு நாலு எபிசோட் போனதும் கொரோனா வந்து நிப்பாட்டிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு 2021 ஏப்ரல்ல மறுபடி முதல் எபிசோட்லேருந்து போட்டு அக்டோபர்ல முடிச்சாங்க. மொத்தம் 26 எபிசோட். அந்த 26 ம் சேந்து ஒரே ஒரு போர், மத்த நாடுங்க கூட்டணி சேந்து சின் மேல படையெடுக்குற போர். அத முதல்லயே மனசுல ஏத்திக்கோங்க. இத எபிசோட் எபிசோடா வர்ற கதையா நினைக்காதீங்க, பத்து மணி நேரம் ஓடுற ஒரே படம்னு வெச்சுக்கோங்க.

இப்ப பேரு விஷயம், இங்க தான் எல்லாரும் மாட்டுறது. கதை நடக்குறது ஏழு நாடா பிரிஞ்சு கிடந்த பழைய சீனால, ஆனா இதோட மூலமான மங்காவ, அதாவது ஜப்பான் காமிக்ஸை, எழுதின ஹாரா யசுஹிசா ஜப்பான்காரர், அதனால எல்லா பேரும் ஜப்பான் உச்சரிப்புல தான் காதுல விழும். ஆனா சப்டைட்டில்ல பெரும்பாலும் ஆளுங்க பேரை ஜப்பான் மாதிரியும் நாட்டு பேரை சீன மாதிரியும் போடுவாங்க. அதாவது கண்ணு ஒண்ணு படிக்கும், காது இன்னொண்ணு கேக்கும். திரைல ஜாவ்னு இருக்கும், பேசுறவன் ச்சோன்னு சொல்லுவான். ச்சூ நாட்டை ஸோன்னு சொல்லுவாங்க, வெய் நாட்டை கின்னு, ஹானை கான்னு, யானை என்னு சொல்லுவாங்க. இதுல உச்சகட்டம் என்னன்னா சின் நாட்டோட ஜப்பான் உச்சரிப்பு ஷின், நம்ம ஹீரோ பேரும் ஷின். ச்சி நாட்டோட ஜப்பான் உச்சரிப்பு ஸேய், சின் ராஜா பேரும் ஸேய். எழுத்து வேற வேற, காதுக்கு மட்டும் ஒண்ணா விழும். அதனால ஒருத்தன் "ஷின்"னு கத்துனா பையனை கூப்பிடுறானா நாட்டை சொல்றானான்னு சப்டைட்டில் பாத்து தான் முடிவு பண்ணணும். இது தெரியாம நான் ரெண்டு சீசன் ஓட்டியிருக்கேன், தெரிஞ்சதுக்கு அப்புறம் பாதி குழப்பம் போயிடுச்சு.

பேரை மனப்பாடம் பண்ண ஒரு வழி இருக்கு, குடும்பமா பிரிச்சுக்கோங்க. சீன பேர்ல குடும்பப் பேரு தான் முன்னாடி வரும். ஒ-ல ஆரம்பிக்கிற ஒகி, ஒசென், ஒ ஹோன் எல்லாருமே வாங் குடும்பத்து ஆளுங்க, அதுல ஒசென் அப்பா, ஒ ஹோன் புள்ள. மோ-ல ஆரம்பிச்சா மெங் குடும்பம், மோகோ தாத்தா, மோபு அப்பா, மோதென் பேரன். இந்த மூணு தலைமுறையும் ஒரே போர்ல நிக்குது, அத தெரிஞ்சுக்கிட்டு பாத்தீங்கன்னா மோபு சண்டை போடும்போது மோதென் முகத்தை காட்டுற ஒவ்வொரு ஷாட்டுக்கும் அர்த்தம் வந்துடும். தோ, சோ தோ ரெண்டும் வேற வேற ஆளு. தோ தான் ஒகிகிட்ட துணைத்தளபதியா இருந்த மீசைக்காரர், சோ தோ சுவர் மேல நிக்கிற வயசான தளபதி. கான்மெய்னு ஒருத்தர் வருவாரு, பேர்ல கான் இருக்கேன்னு ஹான் நாட்டுக்காரர்னு நினைச்சிடாதீங்க, அவர் ச்சூ படைக்கே தலைமைத் தளபதி.

அடுத்தது மேப். இத செய்யாம இந்த சீசன் பாக்காதீங்கன்னே சொல்லுவேன். ஒரு பேப்பர்ல இடது ஓரத்துல சின்னு எழுதுங்க, அது மேற்கு. மேல வடக்குல ஜாவ், அதுக்கும் மேல கோடில யான். நடுவுல வெய், ஹான். கீழ தெற்குல பெருசா ச்சூ. வலது கோடில கடலோரமா ச்சி. இப்ப சின்னுக்கும் மத்தவங்களுக்கும் நடுவுல ஒரு கோடு போட்டு அதுல ஒரு கதவு வரைங்க, அது தான் ஹான்கூ கணவாய், சீரிஸ்ல கன்கொகு கான்னு சொல்லுவாங்க. நிஜத்துல அது இன்னிக்கு ஹெனான் மாகாணத்துல மஞ்சள் ஆத்துக்கு பக்கத்துல இருக்குற ஒரு குறுகலான பள்ளத்தாக்கு. சீரிஸ்ல அந்த மதிலை வானத்தை தொடுற மாதிரி பெருசாக்கி வரைஞ்சிருக்காங்க, ஆனா அதோட முக்கியத்துவம் நிஜம் தான், கிழக்குலேருந்து சின்னுக்குள்ள ஒரு பெரிய படை வரணும்னா அது தான் வாசல். அதுக்கு கீழ தெற்குல இன்னொரு சின்ன வழி வரைஞ்சு வெச்சுக்கோங்க, பு கான்னு ஒரு கோட்டை வழியா தலைநகரம் கன்யோவுக்கு போற தெற்கு வழி. தலைநகரத்துக்கு முன்னாடி கடைசியா ஸாய்னு ஒரு ஊரு புள்ளி வைங்க. அந்த வழியையும் புள்ளியையும் இப்ப எதுக்குன்னு கேக்காதீங்க, வெச்சுக்கோங்க.

முதல் ரெண்டு மூணு எபிசோட் பொறுமையா பாருங்க, சண்டையே வரலைன்னு அவசரப்படாதீங்க. ஒரு நாடு எல்லையை தாண்டிடுச்சுன்னு செய்தி வருது, அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு, அரண்மனைல மேப்பை விரிச்சு வெச்சு மந்திரிங்க உக்காந்திருக்காங்க, ஒவ்வொரு தூதனும் ஓடி வந்து சொல்லச் சொல்ல அவங்க முகத்துல ரத்தமே இல்லாம போகுது. இங்க பாஸ் பண்ணுங்க. அந்த மேப்பையும் உங்க பேப்பரையும் ஒப்பிட்டு பாருங்க. ஆறு நாடும் சேந்து ஒரே நேரத்துல வந்தா எங்க நிப்பாட்டுறதுன்னு நீங்களே யோசிங்க. யோசிச்சா ஒரே பதில் தான் வரும், அந்த கதவு. அந்த பதிலுக்கு நீங்களா வந்து சேந்துட்டீங்கன்னா, சின் மந்திரி ஷோஹெய்குன் வாயிலேருந்து அதே வார்த்தை வரும்போது உடம்பு சிலிர்க்கும்.

இதுல ச்சி நாட்டு விஷயத்தை கவனமா பாருங்க. சின் பக்கத்துலேருந்து ஸாய் தாகுன்னு ஒரு கிழவர் தனியா போய் பேசி ச்சியை கூட்டணிலேருந்து பிரிச்சுடுறாரு. கத்தி எடுக்காம நடக்குற இந்த சண்டை தான் என் கணக்குல சீசனோட முதல் வெற்றி. இதுக்கு பின்னாடி ஒரு பழைய கதை இருக்கு. கிமு 284 ல இதே மாதிரி அஞ்சு நாடு கூட்டணி சேந்து ச்சியை அடிச்சு நொறுக்குனாங்க, அது வரைக்கும் சின்னுக்கு சமமா இருந்த நாடு அது, அதுக்கப்புறம் பழைய பலத்துக்கு திரும்பவே இல்ல. கூட்டணி படைன்னா என்னன்னு வாங்குனவனுக்கு தான் தெரியும்.

போர் ஆரம்பிச்சதும் பேப்பர்ல அந்த கதவுக்கு பக்கத்துல யாரு எங்கன்னு எழுதிக்கோங்க. மதில் மேல மோகோ, சோ தோ, கன்கி, அவங்களுக்கு எதிர்ல வெய், ஹான். ஓரத்து மலைல ஒசென், அவருக்கு எதிர்ல யான், தளபதி ஒர்டோ. வெளில சமவெளில ஹ்யோ பிரபு, எதிர்ல ஜாவ், நம்ம ஷினோட ஹி ஷின் படை இங்க தான். அவங்களுக்கு பக்கத்துல மோபுவும் தோவும், எதிர்ல ச்சூ, ஒ ஹோனும் மோதெனும் இந்த பக்கம். இவ்வளவு தான் மொத்த போரும். கேமரா எங்க தாவுனாலும் பேப்பர்ல விரல் வெச்சு பாத்துக்கலாம். ஒரு எபிசோட்ல நாலு இடம் தாவுவாங்க, இது இல்லன்னா நிச்சயம் தொலைஞ்சு போயிடுவீங்க. கூட்டணிக்கு தலைவர் ச்சூவோட ஷுன்ஷின்குன், ஆனா மூளை ஜாவோட ரிபொகு, அத மறக்காதீங்க, யாரு உத்தரவு போடுறாங்கன்னு பாக்காம யாரு யோசிச்சாங்கன்னு பாருங்க.

மதில் சண்டைல என்ன பாக்கணும்னு ஒரு இடம் சொல்றேன். இந்த மதிலுக்கு ஏணி எட்டாதுங்கற நம்பிக்கைல தான் மேல நிக்கிறவங்க இருக்காங்க. அப்ப தூரத்துலேருந்து வெய் நாட்டோட கோஹோமெய் செஞ்ச ஒரு கோபுர வண்டி வருது, முதல்ல சின்னதா தெரியும், கிட்ட வர வர அது மதில் உயரத்துக்கு வளருது, மேல நிக்கிற வீரன் கழுத்து மெதுவா நிமிருது. யாரும் எதுவும் பேச மாட்டாங்க. கோபுரம் நின்னதும் மேல மடிச்சு வெச்சிருந்த ஏணி திறந்து மதில் விளிம்புல வந்து கொக்கி போட்டு விழும், அந்த ஒரு சத்தத்துல இத்தனை வருஷ நம்பிக்கை உடைஞ்சு போகும். அதுக்கு கன்கி என்ன பதில் வெச்சிருக்கான்னு நீங்களே பாருங்க. கன்கி கொள்ளைக்காரனா இருந்து தளபதி ஆனவன், போர் முறைன்னு ஒண்ணு அவனுக்கு கிடையாது, அவன் வர்ற எல்லா சீனையும் கண்ணு எடுக்காம பாருங்க.

நம்ம புறப்பொருள் இலக்கணத்துல மதிலை வளைச்சு அடிக்கிறதுக்கு உழிஞைன்னும், உள்ள நின்னு காக்குறதுக்கு நொச்சின்னும் பேரு வெச்சிருக்காங்க இல்லயா, இந்த சீசன் முழுக்க நொச்சி தான். அடிக்கிறவன் பக்கம் திட்டம், காக்குறவன் பக்கம் உயிர். அந்த கண்ணோட பாத்தீங்கன்னா ஹீரோ வராத எபிசோடும் போரடிக்காது.

மங்கொகுன்னு ஒரு ஜாவ் தளபதி வர்ற பகுதிய ஒரே மூச்சுல பாருங்க, நடுவுல நிறுத்தாதீங்க. அது கொடூரமா இருக்கும், பசங்களோட உக்காந்து பாக்குற மாதிரி இல்ல. ஆனா அது ஏன்னு தெரிஞ்சுக்கணும். கிமு 260 ல சாங்பிங் போர்ல சின் தளபதி பாய் ச்சி, சரணடைஞ்ச ஜாவ் வீரர்களை கொன்னு புதைச்சான், பழைய வரலாற்று நூல் சொல்ற கணக்கு 4 லட்சம். மங்கொகுவும் அவன் ஆளுங்களும் அந்த குழிலேருந்து வந்தவங்களா, அந்த பிணங்களோட சொந்தக்காரங்களா கதைல வர்றாங்க. இது வரைக்கும் நாம சின் பக்கம் உக்காந்து கை தட்டிக்கிட்டு இருந்தோம், இங்க தான் அந்த கை நிக்கும். அவன் ஷின் கிட்ட கேக்குற கேள்விக்கு ஷின் என்ன சொல்றான்னு ஒரு வார்த்தை விடாம கேளுங்க, மூணு சீசனா சத்தம் போட்டுக்கிட்டு இருந்த பையன் முதல் தடவையா ஒரு நாட்டுக்காக பேசுறான்னு எனக்கு அங்க தான் தோணுச்சு. அப்ப அவன் வெறும் ஆயிரம் பேருக்கு தலைவன், அதையும் ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

ஷின் படைல இருந்த குயோ காய் ரசிகர்களுக்கு முன்னாடியே சொல்லிடுறேன், சீசன் 2 ல அவ பழிவாங்க கிளம்பிட்டா இல்லயா, இந்த சண்டைல அவ இல்ல. எதிர்பாத்து ஏமாறாதீங்க. அவ இல்லாத குறைய ஷின் படைக்கு திட்டம் போடுற டென் எப்படி நிரப்புறா, எங்க தடுமாறுறான்னு பாருங்க, இது டென்னுக்கான சீசன்.

ஒரு நாளைக்கு எத்தனை எபிசோட்னா, மதில் சண்டை நடக்குற வரைக்கும் ரெண்டோ மூணோ போதும். நான் முதல்ல ஒரே ராத்திரில பத்து பாத்தேன், காலைல எழுந்தப்ப எந்த தளபதி எங்க இருந்தான்னே ஞாபகம் இல்ல. ஹெட்போன் போட்டுக்கோங்க. இசை சவானோ ஹிரோயுகியும் யமமோதோ கோதாவும், அடக்கி வெச்சு ஒரு இடத்துல திறந்து விடுவாங்க பாருங்க, போன் ஸ்பீக்கர்ல அது வெறும் இரைச்சலா தான் கேக்கும். ஜப்பான் ஆடியோலயே பாருங்க, சின் ராஜா எய் ஸேயிக்கு குரல் குடுக்குற ஃபுகுயாமா ஜுன் இந்த சீசன்ல பண்ணியிருக்குற வேலைய வேற குரல்ல கேக்க எனக்கு மனசு வராது.

கடைசி மூணுல ஒரு பங்கு வரும்போது பேப்பரை திரும்ப எடுங்க, தெற்கு வழியும் ஸாய் புள்ளியும் இப்ப தான் வேலைக்கு வரும். எல்லா கண்ணும் கதவுல இருக்கும்போது ரிபொகு என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்னு முதல்ல மோப்பம் பிடிக்கிறது ஹ்யோ பிரபு. யோசிச்சு கண்டுபிடிக்கல, உள்ளுணர்வுல. ரிபொகு கணக்கு போட்டு போர் செய்றவன், ஹ்யோ பிரபு தீ மாதிரி போர் செய்றவரு, ஷின் எந்த வகைன்னு இந்த சீசன் முழுக்க அந்த ஆளு பக்கத்துல நின்னு தான் கத்துக்குறான். இங்கேருந்து கடைசி வரைக்கும் வேணும்னா ஒரே நாள்ல பாத்துடுங்க, நிறுத்த சொன்னாலும் நிறுத்த மாட்டீங்க.

ஸாய்ல தளபதிங்க கிடையாது, பெரிய படை கிடையாது. விவசாயி, கிழவங்க, பொம்பளைங்க, சின்ன பசங்க. அங்க ராஜாவே வந்து நிக்கிறான். எய் ஸேய் பேசுற அந்த பேச்சை எல்லாரும் சொல்லுவாங்க, நல்ல பேச்சு தான், ஆனா நான் பாக்க சொல்றது அதுக்கப்புறம் வர்ற ராத்திரிங்கள. நாள் பூரா சண்டை முடிஞ்சு ஜனங்க மதில் மேலயே சுருண்டு கிடப்பாங்க, ராஜா இறங்கி அவங்க நடுவுல நடந்து போவான், பக்கத்துல உக்காந்து பேசுவான். மறுநாள் காலைல எழுந்திருக்கவே முடியாதுன்னு நாம நினைக்கிற அதே ஆளுங்க ஈட்டிய பிடிச்சுக்கிட்டு திரும்ப நிப்பாங்க. ஒவ்வொரு நாளும் முகங்க குறைஞ்சுக்கிட்டே வரும், கவனிச்சீங்கன்னா தெரியும். ரிபொகுவுக்கு அந்த ஊரு ஏன் விழலைன்னு புரியாம போறதும் இங்க தான், அவன் கணக்குல இந்த ஜனங்களுக்கு ஒரு எண் இருந்துச்சு, அந்த எண் தப்பா போச்சு.

சின் தோக்காதுன்னு தெரிஞ்ச கதை தானே, கிமு 221 ல எய் ஸேய் ஆறு நாட்டையும் பிடிச்சு முதல் பேரரசன் ஆனான்னு ஸ்கூல் புக்லயே இருக்கே, அப்புறம் என்ன பதட்டம்னு கேக்குறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். இந்த போர் நிஜமா நடந்தது, கிமு 241 ல, அப்ப ராஜாவுக்கு 18 வயசு கூட தாண்டல. ஆனா சிமா சியென் எழுதின ஷிஜிங்கற பழைய சீன வரலாற்று நூல்ல இத பத்தி இருக்குறது அங்கங்க ஒண்ணு ரெண்டு வரி தான். நாடுங்க சேந்து அடிச்சாங்க, சின் படை வெளில வந்ததும் கலைஞ்சு போனாங்க, பாங் நுவான் ஒரு படைய கூட்டிட்டு போய் ஸாய் ஊரை தாக்குனான், பிடிக்க முடியல, அவ்வளவு தான். அந்த பாங் நுவான் தான் சீரிஸ்ல ஹோகென், நூல்ல படை நடத்துனது அவன், ரிபொகு இல்ல. ஏன் பிடிக்க முடியலன்னு நூல்ல இல்ல. அந்த ஒரு காலி இடத்துல தான் ஹாரா மேல சொன்ன அத்தனை ராத்திரியையும் வெச்சிருக்காரு. முடிவு தெரிஞ்சே பாருங்க, ஒண்ணும் குறையாது.

ஆனா தனித்தனி ஆளுங்க பேரை நெட்ல தேடாதீங்க, இத கண்டிப்பா கேட்டுக்கோங்க. பாதி பேரு நிஜ வரலாற்று ஆளுங்க, பேரை டைப் பண்ணா போதும், முதல் வரிலயே எந்த வருஷம் எப்படி செத்தான்னு வந்துடும். முக்கியமா ஷினோட நிஜ பேரையும் ரிபொகு, கன்கி பேரையும் தேடவே கூடாது. சந்தேகம் வந்தா உங்க பேப்பரை பாருங்க, இல்ல போன எபிசோடை திரும்ப போடுங்க.

26 முடிஞ்சதும் உடனே சீசன் 4 க்கு ஓடாதீங்க, ஒரு நாள் விடுங்க, அது அரண்மனை அரசியல் பக்கம் போகும், ஓட்டமே வேற. அந்த ஒரு நாள்ல முதல் எபிசோடை மட்டும் திரும்ப போட்டு பாருங்க. எல்லைல செய்தி வர்றப்ப யாரு யாரு சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்கன்னு இப்ப உங்களுக்கு எல்லா பேரும் தெரியும், அதுல யாரு திரும்பி வரலைங்கறதும் தெரியும்.